முருகன் படத்தின் பின்பலகை

சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
12 ஜூலை 1966

அன்புள்ள சந்திரமதிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். மூன்று நாளாக நான் பிரசவ லேகியம் தின்றுகொண்டிருக்கிறேன்.

நீ பெட்டியும் கையுமாக டாக்சியில் ஏறியதைத் தெருவே பார்த்தது. எதிரில் பூக்கட்டும் பூவம்மா, வாயில் கவ்விய நாரோடு, "அக்கா எங்க போவுது?" என்று கேட்டாள். கட்டிய மனைவி கோபித்துக்கொண்டு போகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? "குளுவாங்குல அவ அக்காவுக்குப் பிரசவம்" என்று சொல்லிவிட்டேன். உன் அக்கா சிவகாமசுந்தரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பூவம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்பது வயசுலயா! முருகா, உன் மகிமையே மகிமை லா!" மறுநாள் ஒரு ஜாடி லேகியம் கிண்டிக்கொண்டுவந்து, குளுவாங்குக்கு யார் போனாலும் கொடுத்தனுப்பச் சொன்னாள். அனுப்ப ஆளில்லை. எனக்குச் சமைத்துப் போடவும் ஆளில்லை. சுக்கும் பூண்டும் கருப்பட்டியுமாக நன்றாகத்தான் இருக்கிறது. இடுப்புவலிகூடக் குறைந்த மாதிரி தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று கழிவுப் பெட்டியிலிருந்து இரண்டு அங்குல அகலத்தில் ஒரு பலகைப் பட்டையை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினாயே, அது என்னவென்று சத்தியமாக எனக்கு விளங்கவில்லை. "கரையான் அரிச்சிருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அதற்குப் பிறகுதான் நீ பரணிலிருந்து பெட்டியை இறக்கினாய்.

மறுநாள் பக்கத்துக் காகிதக் கடை நெய்னா முகம்மதுவின் மகள், உன் சனிக்கிழமை ஓவிய வகுப்பு டீச்சர் சாயிரா பானு, துள்ளிக்கொண்டு வந்தாள். "மாமா, மாமியோட படம் செப்டம்பர் கண்காட்சிக்குத் தேர்வாயிடுச்சு! எங்க அது?"

"எந்தப் படம்?" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "லண்டன்லேர்ந்து நான் கொண்டாந்த அக்ரிலிக் சாயத்துல, காகிதமெல்லாம் கிழிச்சு ஒட்டி, பெரிய ஹார்டுபோர்டுல பண்ணாங்களே மாமா!"

ஹார்டுபோர்டு என்றதும் நீ ஆட்டிய பட்டை என் கண்முன் வந்து நின்றது.

பிரேம் கடைக்காரனின் கை வேலை உனக்குத் தெரியாததில்லை. கண்ணாடி, அதன்மேல் கவிழ்த்த படம், அதன்மேல் பின்பலகை, சுற்றிலும் ஆணி, எல்லாவற்றையும் மூடிக் காக்கித் தாள். பலகையின் வழவழப்பான முகம் படத்தை ஒட்டி உள்ளே போய்விடும். சொரசொரப்பான முதுகுதான் எனக்குத் தெரியும். போன வாரம் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் செல்லக்கண்ணு தன் ஆட்களோடு வந்து, அவர்கள் மண்டபத்துக்கென்று ஒரு பெரிய முருகனுக்கு பிரேம் போட்டுக்கொண்டு போனார். பெரிய பலகைகள் அடுக்கின் அடியில்தான் கிடக்கும். உருவினேன். இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தது. அறுத்தேன். அந்த நேரத்தில் நான் தேக்கா சந்தையில் ஒரு மீன்காரிக்கும் ஒரு ஜோசியருக்கும் நடந்த சண்டையை மண்டோருக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பலகையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

ஆகவே, உன் படம் இப்போது முருகனுக்குப் பின்னால் இருக்கிறது.

பயப்படாதே. நாலு ஆணி பிடுங்குகிற வேலை. நாளையே போகிறேன். நீ அடுத்த ரயிலைப் பிடித்து வந்துவிடு. போன வருஷம்வரை குளுவாங் நம் நாடுதான். இப்போது வேறு நாடு. புருஷனைக் கோபித்துக்கொண்டு வெளிநாடு போன முதல் சிராங்கூன் சாலைக்காரி நீயாகத்தான் இருப்பாய். அந்தப் பெருமை போதாதா?

உன்,
பரமசிவம்

•

குளுவாங், ஜொகூர்
18 ஜூலை 1966

பிரேம் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவின் பிரசவச் செய்தியைப் படித்து அத்தான், தான் வேலை பார்க்கும் ரயில் நிலையத்தில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்துவிட்டார். அக்கா இரண்டு நாளாக அவரோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. நீங்கள் கடல் தாண்டியும் குடும்பம் கலைப்பீர்கள்.

நீங்கள் சிரிக்க எழுதினால் நானும் சிரித்துவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. இந்த முறை நடக்காது.

அந்தப் படம் முடிந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் எதிரில் நின்றேன். நீங்கள் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தீர்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். தலையைத் தூக்கவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றேன். கை வலித்தது. உள்ளே போய்விட்டேன். பிறகு அதைக் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில், சுவர் ஓரமாக, யார் காலும் படாமல் சாய்த்து வைத்திருந்தேன். அங்கிருந்துதான் எடுத்திருக்கிறீர்கள். அடுக்கு, அடி என்று கதை விட வேண்டாம்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. உங்கள் சட்டங்களுக்குப் பசை காய்ச்சினேன், கண்ணாடி துடைத்தேன், ஆணி பொறுக்கினேன். பிள்ளை இல்லை என்று யாரும் கேட்டால் நீங்கள் ஒரு நகைச்சுவை சொல்வீர்கள், நான் உள்ளே போவேன். ஒரே ஒரு காரியம் யாருக்காகவும் இல்லாமல் செய்தேன். அதைத்தான் நீங்கள் அறுத்தீர்கள்.

கண்காட்சி செப்டம்பர் மூன்றாம் தேதி. அதற்குள் படம் சாயிராவின் கையில் இருக்க வேண்டும். இருந்தால் நான் வருகிறேன். இல்லாவிட்டால் அக்கா வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் கிடக்கிறது.

சந்திரமதி

•

சிங்கப்பூர்
26 ஜூலை 1966

அன்புள்ள சந்திரமதிக்கு,

அடுக்கின் அடியிலிருந்து உருவினேன் என்றுதான் என் கை சொல்கிறது. அலமாரிப் பக்கம் போன நினைவே எனக்கில்லை. ஆனால் என் கையை யார் நம்புவது? அதே கைதான் போன மாதம் நெய்னா முகம்மதுவின் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் காதைக் கத்தரித்தது. நீ அலமாரி என்றால் அலமாரிதான்.

தஞ்சோங் பகாருக்குப் போனேன். துறைமுகத்து ஆட்கள் குடியிருப்பின் நடுவே ஒரு மண்டபம். சுவர் நிறைய நம் முருகன். மாலை, விளக்கு, ஊதுவத்திப் புகை. போட்டுக் கொடுத்தபோது ஒரு காலண்டர் படம். இப்போது கோவில் மாதிரி நிற்கிறது. மண்டோர் செல்லக்கண்ணு உட்காரச் சொல்லி கோப்பி கொடுத்தார்.

"மண்டோர், அந்தப் படத்த ஒரு நாளைக்குக் கழட்டித் தர முடியுமா?"

"எதுக்கு?"

"பின்பலகைய மாத்தணும்."

"பலகைக்கு என்ன கேடு?"

"கேடு ஒண்ணுமில்ல. அது வந்து... எங்க வீட்டுக்காரம்மாவோடது."

மண்டபமே சிரித்தது. சிரிக்க வைப்பது என் தொழில்தான், ஆனால் அன்று நான் முயற்சியே செய்யவில்லை. சிரிப்பு அடங்கியதும் மண்டோர் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

"பரமசிவம், கேட்டுக்கோ. நீ பிரேம் போட்டுக் குடுத்த மறுநாளு, ரப்பர் கட்டு தூக்கின கயிறு அறுந்துச்சு. நான் நின்ன எடத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. ஒரு சாண்! பழைய படம் ஒண்ணு இருந்துச்சு, கண்ணாடி ஒடஞ்சுதேன்னு எறக்கினோம். அந்த வாரந்தான் இராமசாமிக்குக் கால் போச்சு. எங்க உசிரு இதுல தொங்குதுய்யா. எறக்கச் சொல்றியே, நாளைக்குக் கப்பலடிக்கு நீ வந்து நிக்கிறியா?"

சுவர் ஓரம் ஒரு பெட்டிமேல் இராமசாமி உட்கார்ந்திருந்தார். கக்கத்தில் ஊன்றுகட்டை. அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எறக்காதீங்க அண்ணே" என்றார், அவ்வளவுதான்.

மீதிக் கோப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

நான் விடமாட்டேன். வேறு வழி பார்க்கிறேன். உன் படத்தை நான் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லாதே, மனசு வலிக்கிறது. தலையைத் தூக்காவிட்டாலும் கடைக்கண்ணால் பார்த்தேன். நடுவில் அந்தச் சிவப்பு வட்டம், பெரிய குங்குமப் பொட்டு மாதிரி! அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

பூவம்மா குழந்தை எப்போது என்று கேட்கிறாள். இன்னொரு ஜாடி வந்திருக்கிறது.

பரமசிவம்

•

குளுவாங்
2 ஆகஸ்ட் 1966

உங்களுக்கு,

என் படத்தில் வட்டம் கிடையாது. சிவப்போ நீலமோ எந்த நிறத்திலும் ஒரு வட்டம்கூடக் கிடையாது. இருக்கவும் முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். சாமி படங்களைச் சட்டத்துக்கு அடக்க நீங்கள் ஓரத்தை வெட்டி எறிவீர்களே, அந்த ஓரங்களை நான் எடுத்து வைத்தேன். எத்தனை வருஷம் என்று எனக்கே தெரியாது. மேகத்தின் நுனி, தாமரை இலையில் பாதி, மயில் தோகையின் முனை, அடியில் அச்சகத்தின் பெயர். முகமோ கையோ ஒன்றில்கூட வராது. எல்லாம் நீங்கள் வேண்டாம் என்று விட்டது. வகுப்பில் சாயிரா, "மாமி, கையில என்ன இருக்கோ அத ஒட்டுங்க" என்றாள். என் கையில் அதுதான் இருந்தது. நீங்கள் நேர்கோட்டில் வெட்டுகிறவர். அதனால் என் படம் முழுக்க நீளப் பட்டைகள். அவற்றின்மேல் சாயத்தை அள்ளி, தேய்த்து, சில இடத்தில் மறுபடி சுரண்டி எடுத்தேன். வட்டம் எங்கிருந்து வரும்?

சாயிரா என்னிடம், இது என்ன படம் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கறுப்பு கேக்குதே மாமி" என்றாள். உண்மைதான், கேட்டது.

துறைமுகத்துக்காரர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வருகிறது, வாய் வரவில்லை. அந்தப் படம் எனக்கு வேண்டும். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

லேகியத்தைத் தின்னாதீர்கள். உங்களுக்கு உடம்புச் சூடு.

சந்திரமதி

•

சிங்கப்பூர்
22 ஆகஸ்ட் 1966

சந்திரமதிக்கு,

நேற்று முருகனைத் திறந்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

போன வாரம் மறுபடி போய், கண்ணாடிக்குள் பூசணம் பிடித்திருக்கிறது, சாமியின் கன்னத்தில் ஏறுகிறது, துடைக்காவிட்டால் மழைக்காலத்தில் முகமே போய்விடும் என்று மண்டோரிடம் சொன்னேன். கன்னத்தில் இருந்தது அச்சுப் பிசகிய ஒரு புள்ளி. செல்லக்கண்ணு அதையே உற்றுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. அப்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் செப்டம்பர் மூன்று என் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதே!

நிபந்தனைகள் போட்டார்கள். மண்டபத்திலேயே திறக்க வேண்டும். படம் தரையைத் தொடக் கூடாது, நாலு பேர் கையில் ஏந்துவார்கள். நான் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வர வேண்டும். கடைசி நிபந்தனை, வேலை முடியும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. "பேசிக்கிட்டே இவன் சாமி காத அறுத்துருவான்" என்று ஒருவர் சொன்னார். நெய்னா முகம்மதுவின் காது விவகாரம் தஞ்சோங் பகார்வரை போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசாரி தேங்காய் உடைத்தார். மண்டபம் நிறைய ஆட்கள். கப்பலடிக்குப் போகாதவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். சாயிராவும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். காக்கித் தாளைக் கிழித்தேன். ஆணிகளைப் பிடுங்கினேன். பலகையின் விளிம்பில் விரல் விட்டு மெதுவாகத் தூக்கினேன்.

முருகனும் கூடவே வந்தார்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி அழுத்தித் தூக்கினேன். பலகையும் படமும் ஒரே பொருளாக எழுந்து வந்தன. உன் படத்தின் முகம் முருகன் படத்தின் முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சாயிரா வாசலிலிருந்தே வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சாயம் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்குமாம். இந்த ஊர் வெக்கையில் உள்ளே இறுகாமல் மெத்தென்றே இருக்குமாம். அழுத்தி வைத்தால் எதையும் பிடித்துக்கொள்ளுமாம். பிறகு சொன்னாள். நான் ஆணி அடித்து இறுக்கியதைவிட நன்றாக யார் அழுத்துவது?

ஒரு மூலையில் நகத்தை விட்டுப் பிரித்துப் பார்த்தேன். சர்ரென்று ஒரு சத்தம். மண்டபம் முழுக்க மூச்சை இழுத்தது. முன்பக்கம் ஏந்தியிருந்தவர், "மயிலுக் காலு! மயிலுக் காலு கிழியுது!" என்று அலறினார். நிறுத்தினேன். சந்திரமதி, இன்னும் இழுத்திருந்தால் உன் படம் வந்திருக்கும். பாதியாவது வந்திருக்கும். முருகன் கிழிந்திருப்பார். எதிரே பெட்டிமேல் இராமசாமி உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்தி ஒட்டினேன். ஆணி அடித்தேன். புதுக் காக்கித் தாள் போட்டு மூடினேன். என் பசைதான், நீ காய்ச்சி வைத்துவிட்டுப் போனதில் கடைசி. வாயைத் திறக்கவே இல்லை. வேலை முடிந்து, "இனிப் பேசலாம்யா" என்று மண்டோர் சொன்ன பிறகு சுத்தியலைத் துடைத்துப் பையில் போட்டேன். எனக்கு விபூதி பூசி, சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பூசணத்தைத் துடைத்த புண்ணியவான் என்று ஒருவர் காலில் விழுந்தார்.

பிரித்த மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு உன் படம் தெரிந்தது. மஞ்சள். உன் படமென்று தெரிந்து நான் முதன்முதலாகப் பார்த்தது அதுதான். வட்டம் நான் விட்ட புளுகு.

இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை வரும். தேடிப் பார்த்தேன், இல்லை.

பரமசிவம்

•

குளுவாங்
27 ஆகஸ்ட் 1966

உங்களுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். மயில் கால் வந்த இடத்தில் அவள் "ஐயோ" என்றாள். நானும்தான்.

கிழிக்காமல் விட்டீர்களே, சரி. நான் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். கிழிக்கச் சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நான் அங்கே இல்லாததும் சரிதான்.

அது இனி எனக்கு வராது. யாருக்கும் வராது. அந்த மஞ்சள் தெரிந்த மூலை இடது பக்கம் கீழே என்றால், அதற்கு மேலே ஒரு பெரிய கறுப்பு ஏறி வரும். கறுப்புக்கு நடுவே காகிதத்தைக் கிழித்து எடுத்த இடம் வெள்ளையாக நிற்கும். இதை எழுதினால் உங்களுக்குத் தெரிந்துவிடுமா? தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

நீங்கள் அறுத்துப் போட்ட பட்டை என்னிடம் இருக்கிறது. துணியில் சுற்றி, நாளை சிங்கப்பூர் வரும் ரயிலில் அத்தானுக்குத் தெரிந்த கார்டிடம் கொடுத்து சாயிராவுக்கு அனுப்புகிறேன். அவள் மாட்டினால் மாட்டட்டும், மாட்டாவிட்டால் அதுவும் சரி. மாட்டினால் நீங்கள் போய்ப் பாருங்கள். இந்த முறை தலையைத் தூக்கி.

சந்திரமதி

•

சிங்கப்பூர்
5 செப்டம்பர் 1966

அன்புள்ள சந்திரமதிக்கு,

போனேன். தலையைத் தூக்கினேன்.

சாயிரா உன் பட்டைக்கு ஒரு முழுச் சுவரை விட்டிருந்தாள். மற்றவர்களின் படங்களெல்லாம் ஜன்னல் அகலத்துக்கு இருக்க, இதற்கு மட்டும் வெள்ளைச் சுவர் நடுவே ஒரு கோடு. ஏற்பாட்டாளர் ஒருவர் முணுமுணுத்தாராம், "ஸ்கேலை எதுக்கும்மா மாட்டியிருக்க?" என்று. இவள் விடவில்லை. பக்கத்தில் அட்டை எழுதியிருக்கிறாள்: சந்திரமதி, அக்ரிலிக் சாயமும் காகிதமும் பலகையில், ஒரு பகுதி, எஞ்சியது தஞ்சோங் பகாரில்.

நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் அதன் பக்கத்தில் நின்றேன். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எஞ்சியதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மண்டபத்துக்கு வழி சொன்னேன். போயிருக்கிறார்கள். முருகனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். நெற்றி நிறைய விபூதியும் கையில் வாழைப்பழமுமாகத் திரும்பி வந்து சாயிராவின் கையைக் குலுக்கினார்கள். என்ன புரிந்ததோ, சந்தோஷமாக இருந்தார்கள்.

சாயங்காலம் செல்லக்கண்ணுவும் ஏழெட்டு ஆட்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். இராமசாமியும் ஊன்றுகட்டையோடு வந்தார். பட்டையின் எதிரே வந்ததும் மண்டோர் செருப்பைக் கழற்றிவிட்டார். "நம்ம சாமிக்கு முதுகு தாங்குது பாரு, அந்தப் பலகையோட துண்டுடா இது!" மற்றவர்களும் கழற்றினார்கள். அந்தப் பளபளத்த தரையில் வரிசையாகச் செருப்புகள். ஏற்பாட்டாளர் ஓடிவந்தார். சாயிரா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர்களெல்லாம் போன பிறகு நான் மட்டும் நின்றேன். மேலிருந்து கீழே பார்த்தேன். அவசரப்படவில்லை. மேலே சாம்பல் நிறம், அதன் அடியில் அச்சடித்த மேகம் ஒன்று மூச்சுத் திணறுகிற மாதிரி தெரிகிறது. அப்புறம் மஞ்சள். அது நல்ல மஞ்சள் இல்லை, காய்ச்சல்காரன் கண் மாதிரி ஒரு மஞ்சள். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கறுப்பு வருகிறது, வந்த வேகத்தில் பலகையின் விளிம்பில் விழுந்துவிடுகிறது. அங்கேதான் நான் அறுத்தேன். அது எங்கே போக இருந்தது என்று எனக்குத் தெரியாது. கீழே ஒரு காகிதத் துண்டு, தோகையின் கண்ணில் கால்வாசி. அதன் ஓரத்தில் மெல்லிய பென்சில் கோடு ஒன்று. நான் போட்ட கோடு. இதற்கு அந்தப் பக்கம் வேண்டாம் என்று போட்டது. அந்தப் பக்கத்தைத்தான் நீ எடுத்து வைத்திருக்கிறாய்.

நான் எவ்வளவு நேரம் நின்றேனோ, காவல்காரர் வந்து விளக்கை அணைக்கணும் என்றார். அவரிடம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்க வேண்டும். "எங்க வீட்டுக்காரம்மா பண்ணினது" என்று மட்டும் சொன்னேன். அவரும் ஒருமுறை பார்த்தார். "மீதி எங்க?" என்றார்.

இப்போதெல்லாம் ஓரம் வெட்டினால் எறிய முடியவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன். நேற்று ஒரு லட்சுமி, இன்று ஒரு பிள்ளையார். டின் நிறைகிறது. எதற்கென்று என்னைக் கேட்காதே.

படம் சாயிராவின் கையில் இருந்தால் வருவேன் என்று எழுதியிருந்தாய். இரண்டு அங்குலம்தான் இருக்கிறது. மீதியை என்னால் கொண்டுவர முடியவில்லை, இனியும் முடியாது. அதனால் வா என்று கேட்க எனக்கு வாயில்லை. கேட்டதாக மட்டும் வைத்துக்கொள்.

அப்புறம், பூவம்மாவின் தொல்லை தாங்கவில்லை. பெண் குழந்தை என்று சொல்லிவிட்டேன்.

பரமசிவம்

•

குளுவாங்
10 செப்டம்பர் 1966

அன்புள்ள உங்களுக்கு,

அடுத்த ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வாருங்கள். அங்கிருந்து நேரே வீட்டுக்கு வேண்டாம், மண்டபத்துக்குப் போய்விட்டுப் போவோம். முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன். சாமியையா, பலகையையா என்று நீங்கள் கேட்கக் கூடாது.

டின்னை வெயிலில் வைக்காதீர்கள், காகிதம் மொறுமொறுத்துவிடும். சாயிராவிடம் கறுப்பு இன்னும் ஒரு குழாய் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். பூவம்மாவிடம் தாயும் சேயும் நலம் என்று சொல்லுங்கள். அக்காவே சொல்லச் சொன்னாள், குழந்தைக்குப் பெயர்கூட யோசித்துவிட்டாள்.

இன்னொன்று. நேரில் சொல்ல முகம் வராது, அதனால் இதிலேயே எழுதிவிடுகிறேன். ஒட்டிய காகிதம் ஈரத்தில் சுருண்டு சுருண்டு எழுந்தது. பாரம் இருந்தால்தான் படியும். அந்தப் பலகையை மெழுகுத் தாள்மேல் முகம் கவிழ்த்து, உங்கள் பின்பலகை அடுக்குக்கு அடியில் செருகி வைத்தது நான்தான்.

சந்திரமதி